ஒன்பது கதை இருக்குதுங்க, படிச்சுச் சொல்ல ஆள் வேணும்

வணக்கமுங்க. நான் சென்னிமலைப் பக்கம். நாலு வருசமா எழுதி ஒன்பது சிறுகதை சேர்ந்திருக்குது. எல்லாமே அடிபட்ட சனங்க கதை. தறிகுடோன்ல நாடா தெறிச்சு ஒரு கண்ணு போனவன். மூணு வருசம் முடிஞ்சா மொத்தமாப் பணம்னு மில்லுக்குக் கூட்டிப்போன புள்ளை, ரெண்டரை வருசத்துல வெறுங்கையோட திரும்பறது. ஒரத்துப்பாளையம் அணைத்தண்ணி கிணத்துல ஊறுனதுக்கப்புறம் தென்னையை ஒண்ணொண்ணா வெட்டி வித்துட்டு, கிணத்துமேட்டுலயே உக்காந்திருக்கற பெரியவர். (பாசனத்துக்குன்னு 1992ல கட்டுன அணைங்க அது. தேங்குனது திருப்பூர்ச் சாயக்கழிவு.)

என்ற நங்கையாகிட்டக் குடுத்தேன். மூணாவது கதையோட மூடி வெச்சுட்டாங்க. "ஒருத்தனாவது ஒரு வாய் காப்பி நிம்மதியாக் குடிக்க மாட்டானா?"ன்னாங்க. அது உறைச்சுது. பொய்யா ஒரு விடிவு ஒட்டவெக்க எனக்கு மனசில்லை. ஆனா ஒன்பதும் ஒரே ஒப்பாரியாக் கேக்குதோன்னு பயம். எதை முன்னால வெக்கறது, எதைத் தூக்கறதுன்னு தயவுதாட்சண்யமில்லாமச் சொல்ல ரெண்டு மூணு பேர் வேணுமுங்க.

இன்னொண்ணு. 2011 ஜனவரில ஐகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைகளை மூடுனப்ப, அங்க வேலை பார்த்தவங்க யாராச்சும் இங்க இருக்கீங்களா? அடுத்த ரெண்டு மாசம் வாடகைக்கும் அரிசிக்கும் என்ன பண்ணுனீங்கன்னு கேக்கோணும். கடைசிக் கதை அதுல நிக்குது. பேரு எங்கயும் வராதுங்க.

ஈரோடு, காங்கயம்னா பிரிண்ட் எடுத்து நேர்லயே கொண்டாந்து தர்றேன்.