ஆர்யூஎஸ் லோன் பணத்துக்கு தனி கணக்கு வேணுமா?

கேள்வி: மக்களே, அமெரிக்கால ஒரு கிராமத்து கரண்ட் கோ-ஆப்ல (கூட்டுறவு மின்சார நிறுவனம்) அக்கவுண்டன்டா சேர்ந்திருக்கேன், ஆர்யூஎஸ் (கிராமத்து கரண்ட் வசதிக்கு கடன் குடுக்குற அமெரிக்க அரசு அமைப்பு) லோன் பணம் வந்திருக்கு, அதை பொது பேங்க் அக்கவுண்ட்லயே போட்டுக்கலாமா?

பதில் 1: ஐயோ வேணாங்க. ஆர்யூஎஸ் கணக்குப் பட்டியல்ல 131.2ன்னு கன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபண்டுக்கே தனி கணக்கு இருக்கு. அப்புறம் கம்பம், கம்பி, ஆள்கூலி, லாரி செலவு எல்லாத்தையும் ஒர்க் ஆர்டர் நம்பர் (ஒவ்வொரு வேலைக்கும் குடுக்குற நம்பர்) போட்டு 107.2ல, அதாவது நம்ம ஆளுங்களே செஞ்சிட்டிருக்குற கட்டுமான வேலைக்கான கணக்குல ஏத்துங்க, வேலை முடிஞ்சதும் ஃபார்ம் 219 (முடிஞ்ச ஒர்க் ஆர்டர்களோட பட்டியல்) எழுதணும். 7 சிஎஃப்ஆர் 1767ன்னு அமெரிக்க அரசு விதி இருக்கு, ஒருதடவை படிச்சிருங்க, தூக்கம் வரும், ஆனா இந்த கணக்கு விவரமெல்லாம் அதுலதான் இருக்கு.

பதில் 2: பழைய கம்பத்தை புடுங்குனா அதையும் புக்ல இருந்து எடுக்கணும், நெறைய பேர் புதுசை மட்டும் ஏத்திட்டு விட்டுடுறாங்க. லைன்மேன் டைம்ஷீட்ல ஒர்க் ஆர்டர் நம்பர் இல்லன்னா வாங்காதீங்க.

பதில் 3: ஆடிட் ரிப்போர்ட் வருஷம் முடிஞ்சு 120 நாளுக்குள்ள ஆர்யூஎஸ்க்கு போகணும், சிபிஏகிட்ட (ஆடிட் பண்ற கணக்காளர்) இப்பவே பேசி வைங்க பாஸ்.