மறு: கலைச்சொல் வேண்டும்: பழைய சாம்சங்கிலிருந்து புதிய சாம்சங்குக்கு ‘மைக்ரேஷன்’

வணக்கம்.

கேலக்ஸி பயனர்களுக்கான தமிழ் வழிகாட்டியில் அப்டேட், அப்கிரேடு இரண்டுக்கும் சொல் முடிவாகிவிட்டது. அடிக்கடி வரும் பாதுகாப்புத் திருத்தம் புதுப்பிப்பு. ஆண்ட்ராய்டு 14-லிருந்து 15-க்குப் போவது மேம்படுத்தல். 2024-இல் எஸ்24 வரிசைக்குச் சாம்சங் அறிவித்தது ஏழு தலைமுறை மேம்படுத்தல். அதைப் ‘புதுப்பிப்பு’ என்று எழுதினால் ஏழே ஏழு திருத்தம்தானா என்று கேட்பார்கள்.

இடிப்பது மைக்ரேஷன். பழைய போனில் உள்ளதையெல்லாம் புதிய போனுக்குக் கொண்டுபோவது. ‘தரவுப் பரிமாற்றம்’ என்கிறார்கள். பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது, இதுவோ ஒருவழி. ‘தரவுக் கடத்தல்’ என்றால் சுங்கத்துறை நினைவுக்கு வருகிறது. ‘இடம்பெயர்வு’ சரிவருமா?

----

> ‘இடம்பெயர்வு’ சரிவருமா?

வேண்டாம் ஐயா. இலங்கை வாசகருக்கு அச்சொல் போரும் முகாமும். போன் மாற்றுவதற்கு அதை எடுக்கக்கூடாது. ‘இடப்பெயர்ச்சி’ பள்ளி இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறது. வெறும் ‘தரவுப் பெயர்ச்சி’ என்றால் எந்த ராசிக்கு என்பார்கள்.

இலக்கணத்திலும் இடிக்கிறது. பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை. தரவு தானாகப் பெயர்வதில்லை, நாம்தான் பெயர்க்கிறோம். எனவே ‘தரவுப்பெயர்ப்பு’. மொழிபெயர்ப்பு இருக்கும்போது இது யாருக்கும் அந்நியமாகப் படாது.

----

பெயர்த்தால் இருந்த இடத்தில் எதுவும் மிஞ்சாதே? மரத்தை வேரோடு பெயர்த்தான் என்கிறோம். சாம்சங்கின் போன் மாற்றும் செயலியான ஸ்மார்ட் ஸ்விட்ச் வழியாகப் படங்களை அனுப்பினால் பழைய போனிலும் அவை அப்படியே இருக்கின்றன. மொழிபெயர்ப்பில் மூலம் அழிவதில்லை என்று பதில் வரும், தெரியும். ஆனால் இ-சிம் (அட்டையில்லாச் சிம்) பழைய போனில் மிஞ்சாதே?

----

அம்மா கேட்டது முக்கியமான கேள்வி. ஒரே சொல்லால் மூடப் பார்ப்பதுதான் நம் பிழை. போனில் உள்ளவை மூன்று வகை.

படம், காணொளி, தொடர்பு எண், குறுஞ்செய்தி: இவை இரண்டிலும் இருக்கும். இதற்குப் ‘படியெடுப்பு’ போதும்.

இ-சிம், வாட்ஸ்அப் கணக்கு: புதியதில் உயிர் பெற்றதும் பழையதில் செத்துவிடும். வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணுக்கு முதன்மைப் போன் ஒன்றுதான். உண்மையான ‘பெயர்ப்பு’ இதுவே.

விரல்ரேகை, யூபிஐ (இந்தியாவில் போன்வழிப் பணம் செலுத்தும் முறை): எந்தக் கேபிளாலும் போகாதவை. ரேகை அந்தப் போனின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே கிடக்கும். யூபிஐ செயலி, வங்கியில் பதிவான எண்ணுள்ள சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பி அந்தப் போனோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. இரட்டைச் சிம் போனில் தவறான சிம்மைத் தொட்டாலோ, குறுஞ்செய்திக்குப் பணம் இல்லாவிட்டாலோ அங்கேயே நின்றுவிடும். இதற்கு ‘மறுபதிவு’.

மூன்றையும் பிரித்துச் சொன்னால் வரிசையும் தானே விளங்கும். முதலில் படியெடுப்பு. வைஃபையைவிட சி-முனைக் கேபிள் நல்லது. ஆனாலும் பெரும்பாலான சார்ஜிங் கேபிள்கள் யூஎஸ்பி 2.0. அதன் உச்சம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். 100 ஜிபி என்றால் ஏட்டுக் கணக்கிலேயே அரை மணி நேரம். நடைமுறையில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாட்ஸ்அப்: அமைப்புகள், உரையாடல்கள், உரையாடல்களை மாற்று என்று போய் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் இரு போன்களும் நேராகப் பேசிக்கொள்ளும், கூகுள் டிரைவ் தேவையில்லை. புதிய போனில் கணக்கைத் தொடங்கிவிட்டுப் பிறகு உரையாடலைத் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

சிம்மைக் கடைசியில் தொடுங்கள். இந்தியாவில் சிம் அட்டையை இ-சிம்மாக மாற்றினால் 24 மணி நேரம் வரை குறுஞ்செய்தி முடங்கும். அதுவரை யூபிஐ மறுபதிவு நடக்காது. அவசரம் என்றால் பழைய அட்டையையே புதிய போனில் போட்டு மறுபதிவை முடித்துவிடுவது மேல்.

மெமரி கார்டு பற்றி ஒரு வரி சேர்க்கவும். 2021-இன் எஸ்21 தொடங்கி எஸ் வரிசையில் கார்டுக்கு இடமே இல்லை. பழைய போனில் கார்டை மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்திருந்தால் வேறெங்கு செருகினாலும் படிக்காது. பழைய போனிலேயே மறைநீக்கிவிட வேண்டும்.

----

மூன்று சொல்லும் ஏற்பு. மொத்த வேலைக்கு ‘போன் மாற்றம்’ என்று எளிதாக விட்டுவிடலாம். கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று. கடைசிப் படியான, பழைய போனை வெறுமையாக்கும் ஃபேக்டரி ரீசெட்டுக்கு ‘மீட்டமை’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ரீஸ்டோருக்கு ‘மீட்டெடு’. ஒன்று எல்லாவற்றையும் அழிக்கும், மற்றது எல்லாவற்றையும் திருப்பித் தரும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பதற்றத்தில் இருப்பவர் எதைத் தொடுவார்? ‘முழு அழிப்பு’ என்றே எழுதலாம்.

அதற்கு முன் அமைப்புகளில் கூகுள், சாம்சங் இரு கணக்குகளையும் நீக்கச் சொல்லுங்கள். நீக்காமல் பொத்தான்களை அழுத்தினால் வரும் ரெக்கவரி திரை வழியாக அழித்தால், வாங்கியவரிடம் போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். ஆண்ட்ராய்டு 5.1 முதல் இந்தப் பூட்டு உண்டு. இதற்கும் தமிழில் சொல் இல்லை. ‘உரிமைப்பூட்டு’?

----

‘உரிமைப்பூட்டு’ நன்று. ‘முழு அழிப்பு’ பொத்தானிலும் அடங்கும். எக்ஸ்சேஞ்சுக்குப் ‘பண்டமாற்று’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். பழைய போனோடு பணமும் கொடுக்கிறோம், அது பண்டமாற்று ஆகாது. அதற்குத் தனி இழை தொடங்கவும்.