மோட்டார் ரூம் பக்கத்து நோட் மட்டும் சீக்கிரம் சாகுது: க்ளஸ்டர் ரூட்டிங்ல எங்க தப்பு?

பர்கூர்_தோப்பு:
கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு, நீளம் 300 மீட்டர். மண் ஈரம் பார்க்க 40 நோட் (சென்சாரும் ரேடியோவும் சேர்ந்த சின்னப் பெட்டி), எல்லாம் சிசி2530 ரேடியோ சிப், ரெண்டு ஏஏ செல். 10 நோட்டுக்கு ஒரு க்ளஸ்டர் (கூட்டம்), வரிசையா நாலு. கூட்டத்து டேட்டாவை வாங்கி அனுப்பற ஹெட் பொறுப்பு, லீச் (LEACH)ங்கற ரூட்டிங் முறையில நோட்டுக்கு நோட் சுத்தி வருது. டேட்டா ஹெட் மாத்தி ஹெட் தாவி மோட்டார் ரூம் கேட்வேக்கு (எல்லா டேட்டாவையும் வாங்கற பெட்டி) வரும். 15 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங். கேட்வேயை ஒட்டின க்ளஸ்டர் மூணே வாரத்துல காலி, கடைக்கோடி இன்னும் 2.9 வோல்ட்ல நிக்குது. ரேடியோ அனுப்பற பவரைக் கூட்டிப் பார்க்கலாமா?

ஹாப்_கணக்கு:
வேண்டாங்க, சுமை அப்படியேதான் இருக்கும். 2000-ல வந்த லீச், எல்லா ஹெட்டும் கேட்வேயை நேரா தொடும்னு வெச்சு எழுதினது. அடுத்தவன் பாக்கெட்டைச் சுமக்கிற செலவு அதோட கணக்குலயே இல்ல. உங்க தோப்புல கடைசி ஹெட் தன்னோடதை மட்டும் அனுப்புது, முதல் ஹெட் நாலு க்ளஸ்டரையும் தள்ளுது.

சுமையைக் குறைக்கன்னு ரீடிங்கைச் சராசரி எடுக்காதீங்க, மரத்துக்கு மரம் ஈரம் வேற. அப்படியே ஒண்ணா சேர்த்துக் கட்டுங்க. ரீடிங்குக்கு 4 பைட், நோட் எண்ணுக்கு 2, ஆக ஒரு க்ளஸ்டர் 60 பைட். இந்த ரேடியோவோட 802.15.4 தரத்துல ஒரு ஃப்ரேம் (ஒரே தடவைல போற டேட்டா கட்டு) அதிகபட்சம் 127 பைட். முகவரி இருக்கற ஹெடருக்கும் பிழை பார்க்கற செக்சம்முக்கும் 11 போனா மிச்சம் 116. ரெண்டு க்ளஸ்டர் 120, நாலே பைட்டுல தவறுது. 40 நோட்டுக்கு 1 பைட் எண் போதும். அப்போ ரெண்டு க்ளஸ்டர் 100 பைட்டுல அடங்கிடும், முதல் ஹெட் நாலு ஃப்ரேமுக்குப் பதில் ரெண்டு அனுப்பினா போதும்.

கேட்வே பக்கம் சின்ன க்ளஸ்டரா உடைக்கச் சொல்லுவாங்க. உங்களுக்கு அது உதவாது. அதே 10 நோட்டுதானே சுமக்கணும்?

தூங்காத_ரேடியோ:
ஃப்ரேம் எண்ணிக்கை சின்ன விஷயம், கேட்டுக்கிட்டே இருக்கறதுதான் பேட்டரியைக் குடிக்குது. இந்த சிப் அனுப்ப 29 மில்லிஆம்பியர், சும்மா கேட்கவே 24. செல் 2,400 மில்லிஆம்பியர்-அவர்னா விழிச்சே இருந்தா 100 மணி நேரம். மூணு வாரம் 504 மணி. அதாவது ரேடியோ அஞ்சுல ஒரு பங்கு நேரம் முழிச்சிருக்கு. பத்துல ஒருத்தர் மாத்தி ஹெட்டா முழு நேரம் முழிச்சிருந்தாலும் சராசரி 10 சதவீதம்தானே? மீதி, சாதா நோட்டும் அடுத்தவங்க ரிலேயை (கைமாத்தி அனுப்பறதை) ஒட்டுக் கேட்குது.

ஒவ்வொரு க்ளஸ்டருக்கும் ஸ்லாட் (பேசறதுக்குத் தனி நேரம்) கொடுங்க, மத்த நேரம் ரேடியோ தூங்கட்டும். கடைக்கோடி க்ளஸ்டர் முதல்ல, மோட்டார் ரூம் கடைசில. நோட்டுக்கு நேரம் காட்டற 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ரெண்டு நோட்டுல எதிரெதிரா 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) விலகினா 900 செகண்டுல 36 மில்லிசெகண்ட் தள்ளும். வெயில்ல சூடு 45 டிகிரிக்கு ஏறினா இன்னொரு 13 பிபிஎம் மெதுவாகும், நிழல்ல இருக்கற நோட்டுக்கு அது கிடையாது. அதனால ஸ்லாட்டுக்கு முன்பின் 50 மில்லிசெகண்ட் விடுங்க, ஒவ்வொரு சுத்துலயும் நேரத்தைச் சரி பண்ணுங்க.

பர்கூர்_தோப்பு:
ரிலேவுக்குத் தனியா நோட் வைக்கலாமா அண்ணா?

ஹாப்_கணக்கு:
வைங்க. முதல் க்ளஸ்டர்ல ஹெட்டைச் சுத்த விடாம, சோலார் போட்ட நோட் ரெண்டை நிரந்தரமா ரிலேயா வெச்சிடுங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு. ஆன்டெனா இரும்புப் பைப்புல ஒட்டக் கூடாது. மழை நனைஞ்ச இலை 2.4 கிகாஹெர்ட்ஸை நல்லா விழுங்கும், அதனால லிங்க்கை மழை நாள்லயும் ஒருக்கா அளந்து பாருங்க. கேட்வேக்குத் தனி பேட்டரி அவசியம், கரன்ட் போனா ரிலே முழுக்க வீணா திரும்பத் திரும்ப அனுப்பும்.