பழைய பிக்கப்புக்குப் பட்டா (லீஃப் ஸ்பிரிங்) வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: பாம்பன் பாலத்தில் திரும்பாத ஸ்டீயரிங்

மண்டபத்தான்
ஜீப் முகப்பு வைத்த பழைய மகிந்திரா பிக்கப், அப்பா காலத்து வண்டி. நாலு பக்கமும் பட்டாதான், வில் மாதிரி வளைந்த தகடு அடுக்கு. மணலில் அடி தட்டுகிறதே என்று முன்பக்கம் பட்டா முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை 2 அங்குலம் கூடுதல் நீளமாக அடித்துப் போட்டேன். நாலு ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) புதுசு. உச்சிப்புளி வரை ஓட்டிப் பார்த்தேன், ராஜா மாதிரி போனது.

மறுநாள் பாலம். நல்ல வாடைக்காற்று. புது ரயில் பாலத்தைப் பார்க்க வழக்கம்போல வண்டிகளை ஓரங்கட்டியிருந்தார்கள். ஒரு காரின் கதவு படாரென்று திறக்க, வலப்பக்கம் ஒடித்தேன். ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பவே இல்லை. ஒடித்த இடத்திலேயே நிற்கிறது! நான் இழுத்துத் திருப்புவதற்குள் எதிரே பேருந்து. ஓட்டுநரின் சட்டைப்பையில் இருந்த நீலப் பேனா வரைக்கும் தெரிந்தது. எப்படித் தப்பினேன் என்று இன்னும் புரியவில்லை. அந்தப் பேனா மட்டும் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கீழக்கரை லோடு
தம்பி, எத்தனையில் போனீர்கள்? அதை மட்டும் சொல்லவில்லையே. ஷேக்கிள் மேல் பழி போடுவது சுலபம்.

என் கதை வேறு. மீன் லோடு. ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து பின்பட்டாவில்தான் சொட்டும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. தேவிபட்டினம் தாண்டி ஒரு சின்னப் பள்ளம், டப்பென்று சத்தம். பட்டாக்களை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் துண்டாகி ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது. வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போனது. கழற்றினால் பட்டாக்களுக்கு நடுவே துரு அப்பளமாக உரிகிறது. புது ஷாக் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. போல்ட்டை யார் பார்த்தார்கள்?

தொண்டி பட்டறை
கீழக்கரைக் காக்கா (அண்ணே), வேகத்தை விடுங்கள். தம்பி வண்டியில் ஷேக்கிள் பட்டாவின் முன்முனையில்தானே? அங்கே நீட்டினால் முன் ஆக்சில் முன்பக்கமாகச் சாயும், கேஸ்டர், அதாவது ஸ்டீயரிங் தானாக நேராவதற்கான பின்சாய்வு, குறையும். சைக்கிள் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம்தானே? அந்தச் சாய்வைத்தான் நீங்கள் தின்றுவிட்டீர்கள். இத்தனைக்கும் 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது சுமார் 1 அங்குலம்தான். உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் பட்டாவுக்குக் கேம்பர் அடியுங்கள் (வளைவைக் கூட்டுங்கள்), கேஸ்டர் பத்தவில்லை என்றால் பட்டாவுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வையுங்கள். பட்டா முனையில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும். பட்டாவை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டை 500 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி இறுக்க வேண்டும், பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம், பட்டாவுக்குப் பழைய ஆயில் தடவுகிற பழக்கம் இங்கே உண்டு. புஷ்ஷில் பட்டால் ரப்பர் ஊதிப் போகும். ஷாக் மாற்றுவது கடைசி வேலை. நம் ஆட்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

(கேட்காமலே சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சாயல்குடி கரி
சொகுசுக்காகப் பின்னால் 2 பட்டாவை உருவினேன். காலி வண்டி தொட்டில் மாதிரி போனது. முதல் கரிமூட்டை லோடிலேயே ஆக்சில் பம்ப் ஸ்டாப் ரப்பர் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது, ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்பில். வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் மேல் மூட்டை இரண்டு ரோட்டில் உருண்டன. பின்னால் பைக்கில் வந்தவர் வெள்ளை வேட்டி. எழுந்து நின்றபோது அவருக்குக் கண் மட்டும்தான் வெள்ளை. அடி படவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் உறுத்துகிறது, நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

உருவிய பட்டாக்களைத் தேடிப் போனால் பட்டறையில் அரிவாளாகிவிட்டிருந்தன.

மண்டபத்தான்
பழைய ஷேக்கிளையே திரும்பப் போட்டுவிட்டேன். காக்கா, அன்றைக்கு 35தான் போனேன். சத்தியமாக.