மறு: காய்களை உப்பில் புளிக்க வைப்பதற்கு என்ன பெயர்?

அன்பு நண்பர்களுக்கு,

> 'உவர்நொதித்தல்' என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் உவர் என்றதும் குடிக்க ஆகாத கிணற்றுத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். தேவகோட்டையில் ஒரு மகளிர் குழுவுக்காகக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லைப் பார்த்தால் ஆச்சிமார் ஜாடியை எடுக்கவே யோசிப்பார்கள். நொதித்தல் பாடநூலில் உள்ள சொல்தான், சரி. ஆனால் படித்தவர்களுக்கு அது ஈஸ்ட்டையும் ஆல்கஹாலையும்தான் நினைவுபடுத்துகிறது. 'ஊறல்' வேண்டவே வேண்டாம். சாராய ஊறலை அழித்த செய்தியில்தான் அதைப் படிக்கிறோம்.

'ஊறுகாய்' ஏன் போதாது என்றும் கேட்டிருந்தார்கள். வினிகர் ஊற்றினாலும், எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும், நல்லெண்ணெயில் மிதக்கவிட்டாலும் நமக்கு அது ஊறுகாய்தான். அவற்றில் புளிப்பையோ எண்ணெயையோ நாம் வெளியிலிருந்து சேர்க்கிறோம். இங்கே காயே புளிப்பை உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு கிலோ முட்டைக்கோஸைச் சீவி 20 முதல் 25 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்தால் தண்ணீர் விடும். காய் அந்தத் தண்ணீருக்குள் அமுங்கிக் காற்றுப் படாமல் இருந்தால், இலையிலேயே இருக்கும் பாக்டீரியா அதன் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. தயிருக்குப்போல் உறை ஊற்ற வேண்டியதில்லை. முதலில் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா வகை பெருகி வாயு கிளப்பும். புளிப்பு ஏறியதும் லேக்டோபேசில்லஸ் வகை மேலோங்கும். புளிப்பு ஏற ஏறக் குறையும் பிஹெச் அளவு 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால், உயிரையே பறிக்கக்கூடிய பொட்டுலிச நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. காப்பது உப்பும் புளிப்பும் சேர்ந்துதான். இரண்டும் பெயரில் தெரிய வேண்டும் என்பதே என் வாதம்.

ஆகவே நான் முன்மொழிவது: உப்புப்புளிப்பு. வினையாக, 'உப்பிட்டுப் புளிக்க வைத்தல்'. 'முள்ளங்கியை உப்புப்புளிப்பில் போட்டிருக்கிறோம்', 'உப்புப்புளிப்பு பீட்ரூட்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை. ஜெர்மானியர்கள் சௌவர்க்ராட்டுக்குப் புளித்த கோஸ் என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். மாவடு போட்டவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. 'தண்ணி விட்டுச் சுருங்கிருச்சா' என்று ஜாடியைக் குலுக்கிப் பார்க்கும் கைகளுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

> 'இலையுதிர்காலக் காய்கள்' என்ற தலைப்பு இருக்கட்டுமா?

குளிர்நாடுகளுக்கு அது பொருந்தும். பனி விழுமுன் அறுத்ததைச் சேமித்தாக வேண்டும். கொரியர்கள் ஊர்கூடிக் கிம்ச்சி என்ற புளித்த கோஸைப் போட்டுவைக்கும் கிம்ஜாங் வழக்கம் அப்படி வந்ததுதான், 2013-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. நமக்குக் 'கூதிர்' என்ற பழைய சொல் இருக்கிறது, ஐப்பசியும் கார்த்திகையும். அழகான சொல், ஆனால் கையேட்டில் மாதப் பெயரையே எழுதிவிடலாம். காய் நமக்கு எப்போதும் கிடைக்கும். மாதத்தைச் சொல்வது வெயிலுக்காக. சுமார் 20 டிகிரியில் மூன்று நான்கு வாரம் நிதானமாகப் புளிப்பது, காரைக்குடிச் சித்திரையில் சட்டென்று புளித்துக் காய் கொழகொழத்துவிடும். மழைக்காலம்தான் கற்றுக்கொள்ள ஏற்றது.

இன்னொரு சொல்லும் அவசரமாக வேண்டும். மேலே படியும் மெல்லிய வெள்ளை ஏட்டையும், பஞ்சுபோல் வளர்வதையும் நம் வீடுகளில் 'பூஞ்சணம்' என்றே சொல்கிறோம். முதலாவது பெரும்பாலும் ஈஸ்ட், வழித்து எறிந்தால் போதும். இரண்டாவது வந்தால் ஜாடியோடு கொட்ட வேண்டும். முதலாவதை 'வெண்படலம்' என்று பிரிக்கலாமா? கண்ணில் புரை விழுவதற்கும் படலம் என்கிறோமே என்பதுதான் தயக்கம். வேறு சொல் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.