சண்டை வந்த சபையில் தங்குவதா, விட்டு வருவதா?

பழைய பொருளாளர்:
ஆராதனை முடிந்ததும் இரண்டு வாசல் வழியாக இரண்டு கூட்டமாகப் பிரிந்து போகும் சபையில் பதினான்கு மாதம் இருந்தேன். கட்டட நிதிக் கணக்கு உதைத்தது. பொருளாளர் நான். என் காதுபடவே திருடன் என்றார்கள். அப்போதே வேறு சபைக்குப் போயிருந்தால் கடைசிவரை திருடனாகவே இருந்திருப்பேன். மனஸ்தாபம் வந்ததும் கிளம்ப நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: தங்குங்கள். காயம் எங்கே பட்டதோ அங்கேதான் ஆறும்.

வெளியே வந்தவள்:
ஐயா, நீங்கள் தங்கியதை மதிக்கிறேன். ஆனால் அதையே எல்லோருக்கும் சட்டமாக்காதீர்கள். கமிட்டியில் நான் ஒரு கேள்வி கேட்டதற்கு, அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என் பெயரை மட்டும் விட்டுவிட்டு என்னையே சாடினார்கள். முறையிட்டேன். “மன்னிச்சிடும்மா, சபைப் பேர் கெட்டுடும்” என்றார்கள். எல்லார் முன்னாலும் கை குலுக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சமாதானமில்லாதபோதே சமாதானம் சமாதானம் என்று சொல்லி, ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்று எரேமியா 6:14இல் இருக்கிறதே, அதுதான் எனக்கு நடந்தது.

பழைய பொருளாளர்:
உங்களுக்கு நடந்தது அநியாயம், சகோதரி. ஆனாலும் மத்தேயு 18இல் ஆண்டவர் வழி காட்டியிருக்கிறாரே. முதலில் தனியே போய்ப் பேசு என்கிறார்.

வெளியே வந்தவள்:
அது 15ஆம் வசனம். அதைத்தான் எனக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 16இல் சாட்சிகள் வருகிறார்கள், 17இல் சபையே வருகிறது. அங்கே போக என்னை யாரும் விடவில்லை. பிரசங்க பீடத்தில் நிற்கிறவரிடம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் தனியே போய்ப் பேசுவது என்ன சமம்?

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்:
சகோதரி சொல்வது சரி. அப்போஸ்தலர் 15ஐயும் பாருங்கள். உடன் ஊழியனான மாற்குவைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவோடு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்கு, பவுல் சீலாவோடு சீரியா, சிலிசியாவுக்கு. யார் பக்கம் நியாயம் என்று அதை எழுதிய லூக்கா தீர்ப்பு எழுதவில்லை. பிறகு 2 தீமோத்தேயு 4:11இல் அதே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன் என்று பவுல் சொல்வதாக வருகிறது. நடுவில் எத்தனையோ வருடங்கள். பிரிந்ததாலேயே விசுவாசம் போய்விட்டது என்று ஆகாது.

இன்னொன்று. 1054இல் ரோம கத்தோலிக்க சபையும் கான்ஸ்டான்டிநோபிளின் கிழக்கு சபையும் ஒன்றையொன்று சபித்த சாபத்தை 1965இல் போப் ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிள் சபைத் தலைவர் அத்தெனகோராஸும் நீக்கினார்கள். 911 வருடம்! ஆனால் ஒரே திருவிருந்தில் இன்றும் சேரவில்லை. மன்னிப்பது வேறு, மறுபடி ஒரே பந்தியில் உட்காருவது வேறு. முன்னதை ஒருவர் தனியாகவே செய்யலாம். பின்னதற்கு இரண்டு பேரும் வர வேண்டும்.

பழைய பொருளாளர்:
அதை யோசித்தேன். என் விஷயத்தில் அவரும் வந்தார், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என்னைத் திருடன் என்றவர் ஒருநாள் ரசீதுப் புத்தகங்களோடு வீட்டுக்கு வந்தார். மேஜையில் பரப்பி, நான்கு சனிக்கிழமை ஒவ்வொரு ரசீதாகப் பார்த்தோம். முதல் நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, எண்களை மட்டும் வாசித்தோம். மூன்றாவது சனிக்கிழமை பிடிபட்டது: ஒரே காணிக்கையை இரண்டு புத்தகத்தில் வரவு வைத்திருந்தேன். பணம் எங்கும் போகவில்லை, தப்பு என் கையெழுத்தில் இருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த ஞாயிறு நான் எழுந்து என் தவற்றை வாசித்தேன், அவர் எழுந்து தான் பேசிய பேச்சைச் சொன்னார். அவர் வராமல் இருந்திருந்தால்? அப்போதும் தங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்களும் தங்கியிருக்க வேண்டும் என்று இனி சொல்ல மாட்டேன்.

வெளியே வந்தவள்:
ரசீதுப் புத்தகத்தோடு யாராவது என் வாசலுக்கு வந்திருந்தால் நானும் கதவைத் திறந்திருப்பேன், ஐயா. திரும்பிப் போக மாட்டேன், அதில் மாற்றமில்லை.

பழைய பொருளாளர்:
இப்போது எங்காவது ஆராதனைக்குப் போகிறீர்களா?

வெளியே வந்தவள்:
போகிறேன். ஒரு சின்ன சபை. வெகுநாள் கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். போன மாதம் ஜெபம் முடிந்தபோது ‘ஆமென்’ சத்தமாக வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்.