"ஆப்ஷன் சொல்லும்மா": போனில் கணக்குப் பயிற்சி, உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

திண்டுக்கல் அம்மா
பச்சை டிக், கைதட்டல் சத்தம், நட்சத்திரம். எல்லார் வீட்டிலும் இதேதானே. மகள் ஏழாம் வகுப்பு. பின்னக் கூட்டலில் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டுப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் இட்லிக்கு உளுந்து அளந்துகொண்டிருந்தேன். முக்கால் டம்ளர் போட்டிருந்தேன், போதாதென்று இன்னும் அரை டம்ளர் போட்டேன். "இப்போ மொத்தம் எவ்வளவுடி?" என்று சும்மாதான் கேட்டேன். டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "ஆப்ஷன் சொல்லும்மா" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பேப்பரில் போடச் சொன்னதும் மேலே மூன்றும் ஒன்றும் நாலு, கீழே நாலும் இரண்டும் ஆறு, 4/6 என்று எழுதினாள். இரண்டு வாரம் ஆகிறது, அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

ஒன்றரை அப்பா
எங்கள் வீட்டில் நேர்மாறு. பையனுக்கு விடை தெரியும், போனுக்குத்தான் தெரியவில்லை. விடை ஒன்றரை. 1 அடித்தான், அதை ஒட்டியே 1/2 அடித்தான். சிவப்பு. மறுபடி அடித்தான், மறுபடி சிவப்பு. "ஒன்றரை தப்பாப்பா?" என்று கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் பிடிபடவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: நடுவில் ஓர் இடைவெளி விட வேண்டுமாம். விடாததால் 11/2, அதாவது ஐந்தரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் அவன் நோட்டில் சரியாகப் போட்டிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு வேறு ஏதோ எழுதிவைத்திருந்தான். அந்தத் தேய்ந்த இடம் இன்னும் நோட்டில் இருக்கிறது.

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்
திண்டுக்கல் அம்மா, பழியைப் போன் மேல் போடாதீர்கள். போனே இல்லாத காலத்திலும் வருடம் தவறாமல் இந்த 4/6 என் வகுப்பில் வந்திருக்கிறது. என் பேரன் கதையும் உங்கள் மகள் கதைதான். ஹின்ட், ஹின்ட், ஹின்ட் என்று கடைசி வரை அழுத்தி விடையைப் பார்த்துவிட்டு, "முடிச்சிட்டேன் தாத்தா" என்றான். அவன் பயிற்சி செய்யும் கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தில் ஹின்ட்டைத் திறந்தால் அந்தக் கணக்கு சரி என்று எண்ணிக்கையில் சேராது என்பது அவனுக்குத் தெரியாது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். 4/6 என்பது 2/3. அது முக்காலைவிடக் குறைவு. முக்காலோடு அரையைச் சேர்த்தால் முக்காலைவிடக் குறையுமா? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நம் பேச்சிலேயே கால், அரை, முக்கால் இருக்கிறது. அரைக்கால் 1/8, மாகாணி 1/16 என்று அந்தக் காலத்தில் திண்ணையிலேயே பாடமாகும். அந்தக் காதோடு கேட்டால் விடை தானாக வரும். பின்னத்தின் கீழே உள்ள பகுதி எண்ணைச் சமமாக்கும் வேலை அதற்கு அப்புறம்தான். மைனஸ் எண்ணும் இப்படியே. −3-இலிருந்து −5-ஐக் கழித்தால் 2 என்று மனப்பாடம் வேண்டாம், எண்கோடு வரைந்து விரலை வையுங்கள். 2018-இலிருந்து வந்த நம் பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஜியோஜீப்ரா என்ற கணக்குச் செயலிக்கான பக்கமும் கொடுத்திருக்கிறார்கள். யாராவது ஒருநாள் திறந்தீர்களா? போன் பக்கத்தில் ஒரு நோட்டு. நோட்டில் போட்டுவிட்டுத்தான் போனைத் தொட வேண்டும். தப்பான கணக்கை மறுநாள் காலையில் மறுபடி. சல்மான் கான் (நடிகர் இல்லை, அமெரிக்காவில் இருப்பவர்) 2004-இல் உறவுக்காரச் சிறுமிக்குப் போனில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததுதான் கான் அகாடமியே. அவள் திணறியது அலகு மாற்றத்தில். அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்தார், கவனியுங்கள்.

ரெண்டாவது பெஞ்ச்
ஐயா, திண்டுக்கல் அம்மா யோசனை கேட்கவே இல்லையே. அதோடு, 'போன் பக்கத்தில் நோட்டு' என்கிறீர்கள். கொரோனாவில் பள்ளி மூடியிருந்த 2020-இல் எங்கள் வீட்டில் நோட்டு இருந்தது, போன்தான் இல்லை. ஒரே போன், அதுவும் அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போய்விடும். எனக்கு டீவிப் பாடம்தான். விகிதச்சமக் கணக்கு ஒன்று, பாதி எழுதுவதற்குள் திரையிலிருந்து போய்விட்டது. "சார், ஒரு நிமிஷம் சார்!" என்று டீவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். தங்கச்சி இன்றைக்கும் சொந்தக்காரர்கள் வந்தால் அதை நடித்துக் காட்டுவாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து
எங்கள் பிரச்சினை வேறு. மகள் தரம் 7. இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடம் பார்ப்பாள், மேலதிகப் பயிற்சிக்குத் தமிழ்நாட்டு வீடியோ தேடிக் கொடுத்தேன். அவர்கள் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்கிறார்கள். இவள் புத்தகத்தில் அதுவே பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது). மைனஸ் எண் அங்கே குறை எண், இங்கே மறை எண். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "அப்பா, இது எங்கட கணக்கு இல்லை" என்று மூடிவைத்துவிட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன். முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரித் தெரியவில்லை.

திண்டுக்கல் அம்மா
வாத்தியார் ஐயா, கோபமில்லை, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டாள், 5/4 வந்தது. "ஒன்றேகால் டம்ளர்மா" என்று வாயாலும் சொல்லிவிட்டாள். அந்தக் குஷியில் அதே ஒன்றேகாலைப் போனில் அடித்துப் பார்த்தோம். சிவப்பு. ஒன்றரை அப்பா, நாங்களும் இடைவெளி விடவில்லை.